யாரும் ஏறாத அந்த ஒரு நாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். குட்டிக்கு இருமல் நின்றதா, ஈரத் தலையோடு தூங்கவிடாதே. இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். டீச்சரம்மா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

நம் ஸ்டேஷனில் அடுத்த மாதத்திலிருந்து ரயில் நிற்காதாம், நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று, அதுதான் நமக்கு இருந்த வழி. வாய்க்கால் பாலம் இடிந்ததிலிருந்து பஸ் பெரிய ரோட்டோடு திரும்பிவிடுகிறது, அதுவரை நடக்க அப்பாவுக்குத் தெம்பில்லை. வாரத்தில் மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும், ஒரு தடவை தவறினாலே உடம்பு வீங்கி மூச்சு வாங்குகிறது. கார் பிடித்து எத்தனை நாள் போக முடியும்? டவுனில் வீடு பார்ப்போம் என்றால், தண்டவாளத்தைப் பாத்தே வாழ்ந்தவன் நான், சுவத்தைப் பாத்துக்கிட்டு சாகச் சொல்றியா என்று எரிந்து விழுகிறார்.

இது எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பாய். எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்று பார்க்க ஒரு அதிகாரி வருகிறார் என்றதும் ஊருக்கே தலைகால் புரியவில்லை. பெஞ்சுக்குப் பெயிண்ட் அடித்தார்கள், சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார், தினமும் ரயிலில் போகும் டீச்சரம்மா, பால்காரர், தையல் கம்பெனிப் பெண்கள் எல்லாரும் லீவு போட்டுவிட்டு அவரை வரவேற்க வரிசையாக நின்றார்கள். அன்று அப்பாவுக்கு ஆஸ்பத்திரி நாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பெரிய ஆபீசர் வர்றப்போ பழைய ஸ்டேஷன் மாஸ்டர் இல்லேன்னா நல்லாவா இருக்கும் என்று வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றுவிட்டார். ரயில் வந்தது, நின்றது, போயிற்று. அதிகாரியை உபசரிக்கிற மும்முரத்தில் ஒருத்தர்கூட ஏறவில்லை. பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. காபி குடித்தார், எல்லாருக்கும் நன்றி சொன்னார், கண்ணால் பார்த்ததை எழுதிக்கொண்டு போனார். இன்னொரு தரம் வந்து பாருங்கள் என்று டீச்சரம்மா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிவிட்டார், அதான் பாத்தாச்சேம்மா என்கிறார்களாம்.

இந்த மாதக் கடைசிவரை ரயில் நிற்கத்தான் செய்கிறது. அதுதான் என் வயிற்றெரிச்சல். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சட்டை எடுத்துக் கொடுத்து பிளாட்பாரம்வரை கூடவே போனேன். ரயில் வந்து நின்றது, அவர் ஏறவில்லை. ரயில் கார்டு இறங்கி வந்து கூப்பிட்டுப் பார்த்தார், அப்பா நீங்க கிளம்புங்க சார் என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார். நடுப் பிளாட்பாரத்தில் நின்று அழுதேன். ஏன் அழுவுற, இனிமே இப்படித்தானே, இப்பவே பழகிக்கிறேன் என்கிறார். இன்று காலை செருப்பு காலில் நுழையவில்லை, அவ்வளவு வீக்கம். கோபப்பட்டேன், கெஞ்சினேன், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்துவிட்டேன். என் கையில் ஒன்றும் இல்லை.

மாதம் முடிந்தபின் என்ன செய்யப்போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. நிற்கிற ரயிலிலாவது அவர் ஏறட்டும். நான் சொல்லிக் கேட்கமாட்டார், நீ வந்து கூப்பிட்டால் மறுக்க மாட்டார். இதைப் படித்ததும் லீவு சொல்லிவிட்டுப் புறப்படு.

நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும். போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே. வரும்போது எங்களுக்கென்று எதையும் வாங்கிச் சுமந்து வராதே, அவரைப் பிடித்து ஏற்ற உனக்கு இரண்டு கையும் வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா