கை நனைத்த வீடு

மச்சான்,

இன்று அடிவாரச் சந்தையில் எவனோ கருவாடு சுட்டான். வாசம் மூக்கில் ஏறியதும் மிளகு மூட்டையை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பினாங்கில் உன் முன்னால் வைத்த சோற்றின் வாசம் அது. இத்தனை வருஷம் கழித்தும் உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

கப்பலில் எவ்வளவு பேசினோம். இறங்கியதும் எவன் கூப்பிட்டாலும் போகக்கூடாது, நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும், எந்த இடம், என்ன வேலை, பிடிக்காவிட்டால் திரும்ப முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும், சேர்ந்தால் ஒரே இடத்தில்தான் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் நீதான் முதலில் ஆமாம் போட்டாய்.

கரையில் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் ஒரு கங்காணி வந்தார், தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர். "ஏஞ்சாமி, கொல்லிமலைப் பக்கமுங்களா? பேச்சக் கேட்டாலே தெரியுதுங்களே. பசியோட நிக்கறீங்க, ஊட்டுக்கு வாங்க கண்ணு" என்றார். நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் நீ உருகிவிட்டாய். அவர் வீட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார்கள். எனக்குக் கப்பலில் புரண்ட குடல் இன்னும் அடங்கவில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை. நீ மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாய். கை கழுவியதும் அவர், "நாளைக்கு வேலைக்குக் கெளம்பலாங்களா?" என்று கேட்டார். எந்த இடம் என்றுகூடக் கேட்காமல் "சரிங்க" என்றாய்.

வெளியே இழுத்து வந்து திட்டினேன். "கை நனைச்சுட்டனே மாப்ள. இனி எப்படி மாட்டேங்கறது?" என்றாய்.

நம் மலையில் அது சரிதான். காலையில் எவர் வீட்டில் களி தின்கிறோமோ, அன்றைக்கு அவர் கொல்லையில்தான் உழவுக்கு இறங்குவோம். கூலி பேச மாட்டோம். நாளைக்கு அவர் நம் கொல்லைக்கு வருவார். அந்தக் கங்காணி உன் கொல்லைக்கு எந்தக் காலத்தில் வரப்போகிறார்? அதை யோசிக்க உனக்குப் புத்தி இல்லையே, பாவி.

நான் துறைமுகத்திலேயே மரம் தூக்கும் வேலையில் சேர்ந்தேன். மழைக்காலம் முடிந்து உன்னைத் தேடி வந்தபோது, காட்டை வெட்டிப் புதிதாகத் தோட்டம் போடும் இடத்தில், காய்ச்சலோடு கோடாலி பிடித்து நின்றாய். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. "இப்பவே கெளம்புடா" என்று கெஞ்சினேன். "எடுத்த காட்ட முடிச்சுக் குடுத்துட்டு வாரேன் மாப்ள" என்றாய். அடுத்த தடவை போனபோது உன்னைப் புதைத்த இடத்தைத்தான் காட்டினார்கள்.

மலைக்குத் திரும்பியதும் முதலில் உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் அம்மா, என் அத்தை, விஷயத்தைக் கேட்டு அழுதாள். அழுது ஓய்ந்தபின், "அவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கற, தின்னு கண்ணு" என்று சாமைச் சோற்றை என் முன்னால் வைத்தாள். உன்னை எதற்காகத் திட்டினேனோ, அது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. வந்தும் சாப்பிட்டேன்.

இப்போது யாராவது அக்கரைக்குப் போகிறேன் என்று சொல்ல வந்தால், வேலையை விசாரிக்கும் முன் எவர் வீட்டிலும் கை நனைக்காதே என்று சொல்லி அனுப்புகிறேன். சொல்லிவிட்டு ஏரைத் தூக்கிக்கொண்டு அத்தையின் கொல்லைக்குப் போகிறேன். ஒவ்வொரு வருஷமும் அதை உழுத பிறகுதான் என் கொல்லை. உன்னைத் திட்டிக்கொண்டேதான் உழுகிறேன், மச்சான்.