முதல் தடவையாகச் சொல்ல வைத்திருந்தது

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. போன் அடித்தாலே உனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது என்பதால்தான் இந்த வயதில் பேனா பிடிக்கிறேன். இரண்டு கடிதத்துக்கு ஒரு பதிலாவது போடக் கூடாதா? கை என்ன தேய்ந்தா போய்விடும்?

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனநல ஆலோசகர்களின் முகவரி கொடுத்தார்கள். தையல் கம்பெனியில் அரை நாள் அரை நாளாக லீவு போட்டு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இவ்வளவு அலைந்திருக்க மாட்டார்கள். முதல் ஆள் நான் பேசப் பேசச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர், "பட்டாளத்துல இருந்தவருக்கு எதுக்கும்மா இதெல்லாம்? இரும்பு மாதிரி இருப்பாங்களே" என்றார். இரும்பு துருப்பிடிக்காதா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். ஒரு சின்னப் பெண், பாவம், அழுதேவிட்டாள். அவளை நான் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

தைத்த சட்டையை இழுத்துப் பார்க்காமல் பெட்டியில் போட விடாதவள் நான். உன்னை மட்டும் யாரோ ஒருவரிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைப்பேனா? நீ யாரிடமாவது போய்ப் பேசத் தொடங்கினால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவதாக உன் மனைவி சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அலைகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டுவதற்குள் இதோ பதில். டயர் குடோனில் வேலை பரவாயில்லை. லாரிக்கு டிரைவர் வராத நாளில் முதலாளி என்னிடம் சாவியை நீட்டுகிறார். கைவலி என்று சொல்லிச் சமாளிக்கிறேன். பட்டாளத்தில் வண்டி ஓட்டினவனுக்குக் கைவலியா என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நீ இனிமேல் அலைய வேண்டாம். என்னோடு பட்டாளத்தில் இருந்தவன் ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னான். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவராம், பிறகு படித்து ஆலோசகர் ஆகியிருக்கிறார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் மருந்துக்கடை மாடியில் உட்காருகிறார். "அந்தம்மா எதுக்கும் அசர மாட்டாங்கடா" என்றான். போகலாம் என்று இருக்கிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது. அந்தச் சாலையில் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியதை உன் ஒருத்தியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். பாப்பாவின் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அன்றைக்கு நீ என் தலையைப் பிடித்துக்கொண்டு "சரி, விடுடா" என்றாய். அதனால்தான் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறேன். வெளி ஆளிடம் இதை முதல் தடவையாக எப்படி ஆரம்பிப்பது என்று குளிக்கும்போதுகூட ஒத்திகை பார்க்கிறேன்.

அன்புத் தம்பி


மார்ச் 22

என் ராஜாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். மருந்துக்கடை மாடி உனக்கு வேண்டாம். படி ரொம்பச் செங்குத்து, உன் முழங்காலுக்கு ஆகாது. அந்த அம்மாவும் கொஞ்சம் கடுகடு. பூங்காவுக்கு எதிரே ஒருவர் இருக்கிறார், தங்கமான மனுஷர். நானே எல்லாம் பேசி வைத்துவிட்டேன், நீ போய் உட்கார்ந்தால் போதும். அவரிடமே போ. அக்கா சொன்னால் கேட்பாய்தானே?

பாப்பாவுக்கு ஒரு கவுன் தைத்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்வதற்குள் மாடி ஏறிவிட்டேன். படி செங்குத்துதான். நீ ஏறிப் பார்த்திருக்கிறாய்.

அந்த அம்மா கடுகடு இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய் வாய்க்கு வந்தபடி உளறினேன். மழை, வளைவு, எதற்காகவும் வண்டிகள் நிற்கக் கூடாது என்ற உத்தரவு, எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எதுவும் அவருக்குப் புதிதாக இல்லை. எங்களைப் போல நிறையப் பேரைப் பார்த்தவர், அதனால்தான் என்று நினைத்தேன். "நடு ரோட்டுல ஒருத்தர் ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்னாரு. நான் பாத்தேம்மா. பாத்துட்டுதான் அவர் மேல ஓட்டுனேன்" என்றேன். அப்போதுதான் அவர் தலையாட்டுவது நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

டீ டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "இத மறைச்சா நாளைக்கு நீங்க என்னை நம்ப மாட்டீங்க. போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. தம்பிக்காக விசாரிக்க வந்தேன்னு சொல்லி, கிட்டத்தட்ட இதையே சொன்னாங்க" என்றார்.

"கிட்டத்தட்டன்னா? தம்பி பாக்கலேன்னு சொன்னாங்களா?"

"அவங்க பேசுனத நான் சொல்லக் கூடாதுப்பா" என்றார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எத்தனை பேரிடம் சொன்னாய்? கடிகாரம் பார்த்தவரிடமுமா? அந்தச் சின்னப் பெண் எதைக் கேட்டு அழுதாள் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. துணியில் துண்டு வெட்டிக் கடை கடையாகக் காட்டுகிற மாதிரி என் விஷயத்தைக் காட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாய். யார் முகம் சுளிக்கவில்லை என்று சோதித்தாயாக்கும். நான் முதல் தடவையாகச் சொல்ல வைத்திருந்ததை நீ எனக்கு முன்னால் போய்ச் சொல்லித் தீர்த்துவிட்டாய். என் நல்லதுக்குத்தான் செய்தாய், தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்வேன். உன்னிடம் நான் என்ன சொன்னேன் அக்கா? பார்த்தேன் என்றுதானே சொன்னேன்? ரோட்டில் நின்றவர் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை, ஒரு காலில் மட்டும் இருந்த செருப்பு, எல்லாம் சொன்னேனே. முன்பின் தெரியாதவர்களிடம்கூட உன்னால் அதைச் சொல்ல முடியவில்லை, மென்று விழுங்கியிருக்கிறாய். என் அக்கா என்னை மன்னித்துவிட்டாள் என்ற தைரியத்தில்தான் இத்தனை காலம் இருந்தேன். நீ மன்னித்தது வேறு யாரையோ.

வியாழன்தோறும் அந்த மாடிக்குப் போகப் போகிறேன். பாப்பாவின் அம்மாவுக்கு நானே எழுதிவிட்டேன், நடந்ததை நடந்தபடி. தெரிந்துகொண்டு வருவதென்றால் வரட்டும்.

நீ இனி எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

தம்பி