வேறு பஸ்ஸின் பின்னால்

8 ஆகஸ்ட் 1994, திங்கள்

தூக்கம் வரவில்லை. கோபத்தால் அல்ல.

இரண்டு வருடமாக மதியம் வரை தூங்கிய என் மகன் குமரன், இன்று ஆயர் குரோவில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு முதல் நாள் வேலைக்குக் கிளம்பினான். நான் நம்பவில்லை. விடியுமுன் சந்திப்பில் இரண்டு கம்பெனி பஸ்கள் நின்றன. அவன் ஏறியதாக நான் நினைத்த பஸ்ஸை மோட்டார் சைக்கிளில் தொடர்ந்தேன். அது போய் நின்ற தொழிற்சாலை வாசலில் இறங்கியவர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

காவலாளி கேட்டார்: "யாரைத் தேடுறீங்க அண்ணே? இங்க எல்லாம் பொம்பளைங்கதான்லா."

ஏமாற்றிவிட்டான் என்றே முடிவு செய்தேன். போன தீபாவளிக்கு என் மச்சான் சோற்று இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, "உங்க மவன் தேறமாட்டான் மாமா" என்றது நாள் முழுக்க ஆபீசில் காதில் இரைந்தது.

மாலை ஆறு மணிக்கு நீலச் சீருடையில் வந்து நின்றான். கையெல்லாம் கிரீஸ்.

"எங்கடா போன?"

"வேலைக்குத்தான்பா. நீங்கதான் வேற பஸ் பின்னால போனீங்க. எங்க பஸ்ஸே பாத்து சிரிச்சிச்சு. 'உங்கப்பா பொம்பளைங்க கம்பெனியில சேர்ந்துட்டாரா'ன்னு கேக்குறானுங்க!"

என் மனைவி சிரித்துச் சிரித்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இந்தத் தீபாவளிக்கு மச்சான் வரட்டும். அந்தச் சீருடையிலேயே இவன் பரிமாறுவான்.

ஐந்து மணிக்கு அவனை எழுப்ப வேண்டுமே என்று அலாரம் கடிகாரத்தைத் தேடினேன். அலமாரியில் இல்லை. அவன் அறைக்குள் டிக் டிக் என்று கேட்கிறது.