சோழவரத்தில் நீ கடைசியாக வந்த கதை

மாப்ளே,

இன்று காலை கல்கத்தாவில், என் பாலிகஞ்ச் கடையில் விளக்கெண்ணெய் பாட்டில் ஒன்று விழுந்து உடைந்தது. என் வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் மட்டும் கண்ணை மூடி அங்கேயே நின்றேன். அந்தக் கால ரேஸ் வண்டிகள் பெட்ரோலோடு கலந்து குடித்தது இந்த எண்ணெயைத்தான் என்று அவளுக்கு எங்கே தெரியும்? அது எரிகிற வாசனைதானே நம் சோழவரம்!

சோழவரத்தைப் பற்றி இந்தத் தெருவில் நான் சொல்லாத ஆள் கிடையாது. ரேஸ் நடந்த அந்த இடம் யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் ஏரோப்ளேன் இறங்கப் போட்ட ஓடுபாதை, அதற்கு இடம் காட்டியதே எங்கள் பெரியப்பாதான் என்பேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டே, "உங்க பெரியப்பா அப்ப பொறந்துட்டாரா?" என்பாய். அதோடு உன் பேச்சு முடிந்தது.

ஆனால் எப்பேர்ப்பட்ட இடம்! கான்கிரீட் விரிசலெல்லாம் புல். வளைவுக்கு எல்லை வைக்கோல் கட்டும் காலி பீப்பாயும். நேர்ச்சாலையில் பறந்து வருகிறவன் சரியான நேரத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் வைக்கோலுக்குள் போவான். அதையும் தாண்டினால் ஜனத்துக்குள். நடுவில் ஆடு ஒன்று குறுக்கே வரும். நான் சொல்லும்போது அது எருமை மந்தை. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் ஒழுங்காக டிராக் கட்டி ரேஸை அங்கே கொண்டுபோய்விட்டார்கள்.

சோழவரத்தில் நீ ஒரே ஒரு தடவை ஓட்டினாய். அதைப் பற்றி வீட்டில்கூட மூச்சு விடவில்லை. துறைமுக வேலை கிடைத்து கல்கத்தா வந்தாய், பின்னாலேயே நான் வந்து கடை போட்டேன். ஆக, அந்த ரேஸுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி நான். என் யோக்கியதைதான் உனக்குத் தெரியுமே. கட்டுக்கதைக்கு வங்காளிகள் 'குல்' என்பார்கள், அண்ணனுக்கு 'தா'. தெருவே என்னை 'குல்தா' என்று கூப்பிடுவதை மரியாதை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

நீ போய்ச் சேர்ந்து, உன் காரியமெல்லாம் முடிந்தபின் நியூ டவுனுக்கு உன் மகளைப் பார்க்கப் போனேன்.

"மாமா, அப்பா ரேஸ் ஓட்டினது சத்தியமா? அம்மாவுக்கே தெரியாதாம்."

"ஓட்டினானாவா? ஃபர்ஸ்ட்டும்மா! மாலை போட்டு, தோள்ல தூக்கி..."

"குல் விடாதீங்க மாமா."

முகம் வாடிவிட்டது. டீ கப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இவளும் நம்பாவிட்டால் நீ அங்கே ஓட்டவே இல்லை என்று ஆகிவிடாதா?

வேறு வழியில்லாமல் நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

"கடைசி ரவுண்டுல வண்டி நின்னுபோச்சும்மா. மத்தவங்க எல்லாம் முடிச்சுட்டாங்க. உங்கப்பன் இறங்கித் தள்ள ஆரம்பிச்சான். நான் கயித்தைத் தாண்டி ஓடிப்போய்க் கை வைக்கப் போனேன். 'தொடாதடா, தொட்டா கணக்குல சேராது'ன்னு கத்தினான். சரின்னு வெயிலுக்குக் கொண்டுபோன குடையை விரிச்சு, அவன் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டே கூட ஓடினேன். கொடிக்காரர் கொடியைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார். நான் போட்ட கூச்சல்ல திரும்பி வந்து ஆட்டிட்டுப் போனார். கடைசிதான்."

அவள் கப்போடு அப்படியே நின்றாள்.

"தொட்டா கணக்குல சேராதுன்னா சொன்னார்?"

"ஆமாம்மா."

"ஹோம்வொர்க் வரலைன்னு நான் அழுவேன். அம்மா தானே எழுதித் தர என் கையிலேர்ந்து பென்சிலை வாங்க வருவாங்க. அப்பா இதையேதான் சொல்லுவார், இதே வார்த்தை." சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியாத்தான் வந்திருப்பார் மாமா. நம்பறேன்."

மாலையை நம்பாதவள் குடையை நம்பினாள், மாப்ளே!

அந்தத் தெம்பில் தெருவிலும் போய் உண்மையைச் சொன்னேன். வந்தது வினை. எதிர்வீட்டு வங்காளி கிழவர், "குல்தா வாயால கடைசின்னு வருதுன்னா, அந்த மனுஷன் நிச்சயமா ஃபர்ஸ்ட்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். எவ்வளவோ மறுத்துப் பார்த்தேன். யாரும் கேட்பதாக இல்லை.

தெரு எப்படியோ போகட்டும். உன் மகளுக்கும் எனக்கும் நீ கடைசிதான். அந்தக் கடைசி இடத்திலிருந்து உன்னை ஓர் அங்குலம்கூட முன்னால் நகர்த்த நான் விடமாட்டேன்.