எறிதலுக்குப் பின் ஓட்டம்

லாரல் ஃபோர்க், நெப்ராஸ்கா
செப்டம்பர் 28, 1993

அன்புள்ள வெர்ன்,

நான் எப்போது அங்கே வருவேன் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். யோசித்துவிட்டுத்தான் தெரியவில்லை என்கிறேன். உன் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வேலைக்காக நான்கு ஊர் மாறினேன். ஐந்தாவது ஊரில்தான் ஒரு கல்லூரி என்னை நிரந்தரமாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொண்டது. அதே கல்லூரி உன்னை வெளியே அனுப்பியது என் குற்றமில்லை.

போனில் பேசலாம் என்கிறாய். போனில் நாம் ஒருவர் மூச்சு விடுவதை மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தாளில் நீ கொஞ்சமாவது பேசுகிறாய்.

ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் போடப் போனேன். எட் க்ரோட்கே கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க வீட்டுக்காரர் போன பிறகு நம்ம பசங்க மூணு ஆட்டம் ஜெயிச்சுட்டாங்க, கவனிச்சீங்களாம்மா?" என்றார்.

"கவனிச்சேன். மூணு ஆட்டத்தை வச்சு எதையும் சொல்ல முடியாது."

"அவரும் அப்படித்தான் சொல்வாரு, தோத்த பிறகு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

கூரை வடிகாலில் இலை அடைத்திருக்கிறது. நீ இருந்தாலும் ஏணியில் நான்தான் ஏறியிருப்பேன். கீழே பிடித்துக்கொள்ள ஆள் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

கோலீன்

*

ஹேடன் சிட்டி, அயோவா
அக்டோபர் 25

என் அன்பு கோல்,

ஏணில ஏறாத. பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடு. வறட்டு கௌரவம் பாக்காத.

இங்க மறுபடி தோத்துட்டோம். எங்க தலைமைப் பயிற்சியாளர் ஹார்லனுக்கு ஒரே மந்திரம்தான்: பாதி ஓட்டம், பாதி எறிதல். பந்தை அணைச்சுக்கிட்டு ஓடறதும், தூர எறியறதும் சரிக்குச் சரி இருந்தா எதிராளி எதை நம்பி நிப்பான்? நானும் மேல கண்ணாடி அறையில உக்காந்து, அடுத்து ஓட்டமா எறிதலான்னு கீழ இருக்கறவங்களுக்கு அப்படித்தான் ஆட்டம் சொல்றேன். கணக்கு கொஞ்சம்கூடப் பிசகல. ஆனா நான் ஓட்டம்னு சொன்னா, எதிரணித் தடுப்பு முன்னாடியே நெருங்கி வந்து நிக்குது!

எவனோ நம்ம சைகையைத் திருடறான்னு எல்லாத்தையும் மாத்தினோம். பலன் இல்ல. இப்ப என் உதவியாளன் டூமி மேல சந்தேகம். அவன் அண்ணன் போட்டிக் கல்லூரியில வேலை பாக்கறான். சீசன் முடிஞ்சதும் அவனை அனுப்பிடலாம்ங்கறார் ஹார்லன்.

ஆட்டத்து டேப்பையெல்லாம் அனுப்பறேன். உன் கண்ணுக்கு எதாவது தெரியுதா பாரு.

கடைசி ஆட்டம் அந்தப் போட்டிக் கல்லூரியோட. ஜெயிச்சா எனக்கு மூணு வருஷ ஒப்பந்தம். தோத்தா மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்படி ஆச்சுன்னா இந்தத் தொழிலே வேணாம்னு வீட்டுக்கு வந்துடறேன் கோல், சத்தியமா. அங்க ஏதாவது பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துட்டுப் போறேன்.

இன்னிக்கும் கேன்டீன்ல பீன்ஸும் கறியும் போட்ட சில்லிதான் சாப்பாடு. எதிர் நாற்காலில தொப்பியை வச்சுட்டுச் சாப்பிடறேன். யாரோ எழுந்து போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்கன்னு மத்தவங்க நினைச்சுப்பாங்க.

உன் வெர்ன்

*

லாரல் ஃபோர்க்
நவம்பர் 8

அன்புள்ள வெர்ன்,

டூமியை விட்டுவிடு. யாரும் எதையும் திருடவில்லை.

ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். பாதிப் பேர் நாணயத்தைச் சுண்டி, விழுந்ததை எழுத வேண்டும். மீதிப் பேர் சுண்டாமலே, சுண்டியதுபோல எழுத வேண்டும். எது பொய் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். பொய்த் தாளில் தலை வந்தால் சீக்கிரமே பூ வந்துவிடும். நிஜ நாணயமோ தலையாகவே நாலைந்து தடவை விழுந்துகொண்டிருக்கும். நாணயத்துக்கு நியாய உணர்வு கிடையாது. உனக்கு இருக்கிறது. அதுதான் சிக்கல்.

நீ அனுப்பிய டேப்பையெல்லாம் பார்த்தேன். எறிந்த பந்து பிடிபடாமல் தரையில் விழுந்தால் அடுத்ததாக நீ ஓட்டம் சொல்கிறாய். ஏறக்குறைய எப்போதும். ஒரு பக்கம் கூடிவிட்டதே என்று மறுபக்கத்தை உடனே நிரப்பிவிடுகிறாய். ஆட்டம் முடிந்து கூட்டிப் பார்த்தால் சமம்தான். ஆனால் எதிரணி கூட்டிப் பார்ப்பதில்லை. பந்து விழுந்ததா என்று மட்டும் பார்க்கிறது.

விழுந்த பிறகும் சில சமயம் மறுபடி எறி. எப்போது என்பதை உன் மனதிடம் கேட்காதே. கடிகாரத்தில் விநாடியைப் பார். இரட்டை என்றால் எறி, ஒற்றை என்றால் ஓடு.

இதை அனுப்பினால் நீ ஜெயிக்கலாம். ஜெயித்தால் வரமாட்டாய். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இன்றே தபாலில் போடுகிறேன். தெரிந்ததை மறைத்துவைத்துக்கொண்டு உன்னோடு ஒரே மேசையில் சாப்பிட எனக்கு வராது.

கோலீன்

*

ஹேடன் சிட்டி
நவம்பர் 15

கோல்,

உன் லெட்டரை ஹார்லன்கிட்ட காட்டினேன். "பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆட்டம் சொல்லப் போறியா?"ன்னார். "உங்க பேச்சைக் கேட்டுத்தானே இவ்வளவும் தோத்தோம்"னேன். என்னை முறைச்சுட்டு, "அந்தக் கடிகார விஷயத்தை இன்னொரு தடவை படி"ன்னார்.

டூமிகிட்ட மன்னிப்பு கேட்டேன். "விடுங்க சார். ஆனா வீட்ல இவ்வளவு மூளையை வச்சுக்கிட்டு நீங்க ஏன் இங்க தனியா சில்லி தின்னுட்டு இருக்கீங்க?"ன்னான்.

நமக்குள்ள சண்டை வந்தாலும் நான் இப்படித்தான், ஒரு வார்த்தை கீழ விழுந்தா உடனே பதுங்கிடுவேன்னு நீ எழுதியிருக்கலாம். எழுதல. நன்றி.

பதுங்காம ஒண்ணு கேக்கறேன். நான் ஜெயிக்கணும்னு நிஜமா ஆசைப்படறியா?

வெர்ன்

*

லாரல் ஃபோர்க்
நவம்பர் 19, வெள்ளி

அன்புள்ள வெர்ன்,

ஆசைப்படுகிறேன். நீ வீட்டுக்கு வர வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன். இரண்டும் சேர்ந்து நடக்காது என்பதற்காக ஒன்றை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் தோற்றுப்போய் வந்த மனிதனோடு வாழ்வது எப்படியிருக்கும் என்றும் பார்த்திருக்கிறேன். போன குளிர்காலம் முழுவதும் நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். காபியைக் கையில் கொடுத்தால் நன்றி சொல்வாய். முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்கிற மாதிரி.

அங்கே வந்து உன்னோடு இருக்கவும் என்னால் முடியாது. இதை உனக்கு எழுதும்போதுதான் முடிவாகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

உறையை ஒட்டவில்லை. நாளை ஆட்டம் முடிந்த பிறகு மிச்சத்தை எழுதுகிறேன்.

சனி

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ரேடியோ உன் ஊர் ஸ்டேஷனைச் சரியாகப் பிடிக்கவில்லை. சமையலறை ஜன்னலோரம் நின்றபடியே கேட்டேன். கடைசி நிமிஷம், நீங்கள் நாலு புள்ளி பின்னால். "எறியறாங்க... விழுந்துடுச்சு! இனிமே ஓட்டம்தாங்க. இது எங்க வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்" என்றார் வர்ணனையாளர். கூட இருந்தவர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னய்யா இது, மறுபடி எறியறான்!" அதன் பிறகு இரைச்சல் மட்டும்தான் கேட்டது, ரேடியோவினுடையதா கூட்டத்தினுடையதா என்று தெரியவில்லை. அது அடங்கியபோது நீங்கள் ஜெயித்திருந்தீர்கள்.

கைதட்டினேன். ஆளில்லாத வீட்டில் அது மிகச் சின்னச் சத்தமாக இருந்தது.

ஆறரைக்குப் போன் செய்தாய். ஹார்லன் ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்துவிட்டார் என்று சொல்லி நிறுத்தினாய். "கையெழுத்துப் போடு" என்றேன். "சரி" என்றாய். பின்னால் டூமி உன்னைக் கத்திக் கூப்பிட்டான். போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மாடிக்குப் போய் உன் கம்பளிச் சட்டைகளையும் பனிக்கால பூட்ஸையும் பெட்டியில் வைத்துக் கட்டினேன். பெரிய கோட்டில் ஒரு பொத்தான் கழன்றிருந்தது, தைத்துவிட்டேன். திங்கட்கிழமை தபாலில் அனுப்புகிறேன்.

கோலீன்