கூடாரத் துணியைப் பிடித்திருக்கும் கை

உங்கள் படத்தில் இருந்த ஆட்களை வேண்டுமென்றேதான் வெட்டியிருக்கிறார்கள். அச்சுப் பிழை அல்ல. கண்காட்சிப் பொறுப்பாளரான பெண்மணி இன்று காலை தொலைபேசியில் என்னிடம் அதை உறுதிப்படுத்தினார். "தலைப்புக்குத் தனிமை தேவைப்பட்டது" என்றார்.

சுவரொட்டியை அப்டன் பார்க் ரயில் நிலையத்தில் பார்த்தேன், அண்ணை. தெற்குச் சூடானில், நூயர் மக்களின் மாட்டுப்பட்டியில் உங்கள் முதல் கள ஆய்வின்போது எடுத்த படம். கூடார வாசலில் நீங்கள். பின்னால் வெறும் புல்வெளி. மேலே 'தனிமையில் ஓர் ஆய்வாளர்'. உங்களுக்கு ஆண்டுத் திவசம்கூட இன்னும் வரவில்லை. அதற்குள் உங்களைத் தனியாளாக்கிவிட்டார்கள்.

முழுப் படம் உங்கள் சமையலறையில் கேத்திலுக்கு மேலே தொங்கியது. புகைக்குழாயோடு கிழவர்கள், பால் குடுவையோடு பெண்கள், உடம்பெல்லாம் எருச் சாம்பல் பூசிய இளைஞர்கள். கூடார வாசலின் இரு பக்கமும் அவர்கள்தான் நிறைந்திருப்பார்கள்.

"தனிமையோ? விடிஞ்சவுடன வந்து குந்திடுவாங்கள். புகையிலை கேப்பாங்கள். மாடு எத்தினை எண்டு நான் கேட்டால், உன்ர மாடு எங்கை எண்டு கேப்பாங்கள். நீ பேட்டி எடுக்கிற ஆள், அங்கை போயிருந்தால் அழுதிருப்பாய்" என்று சிரிப்பீர்கள்.

எழுத வேண்டுமென்று ஒருநாள் கூடாரத் துணியை உள்ளேயிருந்து இறுக்கிக் கட்டினீர்கள். அந்தப் பட்டியில் பகலில் தன்னை அடைத்துக்கொள்பவன் கடும் நோயாளி என்றே நினைப்பார்கள்.

"நான் சாகப்போறனெண்டே முடிவெடுத்திட்டாங்கள். ஒருத்தர் பாலோட வந்தார். முடிச்சை அறுத்தார். உள்ளுக்கு இருந்திட்டார். எனக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்லை எண்டு சொன்ன பிறகுதான் உண்மையான ஏச்சு."

நூயர் வழக்கப்படி தன் வெண்முகக் காளையின் பெயரையே தன் பெயராகக் கொண்டவர் அவர். அன்றிலிருந்து வரும்போதெல்லாம் முதல் வேலையாகத் துணியை விலக்கிப் பிடிப்பார். படம் எடுத்தபோதும் பிடித்திருந்தார்.

வெட்டியவர்கள் கவனிக்காத ஒன்று: சுவரொட்டியின் ஓரத்தில் அவருடைய விரல்கள் மிச்சமிருக்கின்றன.

"அது யாருடைய கை?" என்று பொறுப்பாளரைக் கேட்டேன்.

"கூலியாள் யாராவது இருக்கலாம்."

உங்களைப் பார்க்க ஒரு மனிதர் வந்திருக்கலாம் என்று அந்தப் பெண்மணிக்குத் தோன்றவே இல்லை. அந்த விரல்களுக்குரியவரின் பெயரைச் சொன்னேன். காளையின் பெயரா என்று சிரித்தார். சரிபார்க்க ஆளில்லையே என்றார். உயிரோடிருந்தவரை நீங்கள் இதே நகரத்தில், கிரீன் ஸ்ட்ரீட் கடையொன்றின் மாடியில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தீர்கள். ஒருவரும் ஏறி வந்து கேட்கவில்லை. தீ விதிகளின்படி கதவை மூடச் சொன்ன கவுன்சில்காரரோடுகூடச் சண்டை போட்டுத் திறந்துவைத்த கதவு அது.

அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிவிட்டது. இதை எழுதும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், கதவு திறந்து கிடக்கு. ஏதும் பிரச்சினையோ?"

"ஓம் பிள்ளை, பெரிய பிரச்சினை. உள்ளுக்கு வந்து, நான் போனில எடுத்த சுவரொட்டிப் படத்தில இந்தக் கையைப் பார்."

வந்தாள். அந்தக் கைக்குரியவரின் பெயரை அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

முழுப் படத்தை உங்கள் மகள் நேற்றே கண்காட்சிக்காரர்களுக்கு அனுப்பிவிட்டாள். அதையும் அவர் பெயரையும் போடுவார்களா என்பது இன்னும் தெரியாது. புதன்கிழமை மாலைக்குள் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கண்காட்சி வெள்ளிக்கிழமை திறக்கிறது.