'புதியது' என்று போட்டிருந்தது

சோமனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வின்ஸ்டனுக்கு,

கிருபாசங்கர் எழுதுகிறேன். மஸ்கட் வரைக்கும் தபால் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே. ஜோவிதாவும் பாப்பாவும் நன்றாக இருக்கிறார்கள். இரண்டு நாள் மழையில் கருமத்தம்பட்டியில் உன் வீட்டுச் சந்து சேறாகிக் கிடக்கிறது, அவ்வளவுதான். போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பார்ப்பதற்குள் அழித்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ஜோவிதா வீட்டிலேயே குழந்தைகளைப் படமெடுக்கப் போகிறாள் என்று ஒரு கேமராவின் லிங்க் அனுப்பியிருந்தாய். "நீ பாத்துச் சரின்னு சொன்னாப் போதும் கிருபா, கண்ண மூடீட்டு ஆர்டர் போட்டுருவேன்" என்ற உன் குரலை நாலைந்து தடவை கேட்டேன். பத்து நாளாகப் பதில் போடாததற்குக் காரணம் வேலைப்பளு அல்ல.

முதலில் கேமராவைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் பச்சை எழுத்தில் 'புதியது' என்று இருக்கிறதே, அது பெட்டி பிரிக்காதது என்பதற்கு மட்டும்தான். மாடல் புதியது என்று ஆகிவிடாது. தலைப்பில் இந்த வருடத்தைப் போட்டிருப்பதும் விற்கிறவர்கள் தாங்களாகச் சேர்த்தது. மாடல் பெயரைக் கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும். புது மாடலில் பெயருக்குப் பின்னால் 'மார்க் டூ' ஒட்டிக்கொண்டிருக்கும். நீ அனுப்பியதில் அது இல்லை. கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் தேடிப் பார், எந்த வருடம் வந்தது என்று தெரியும். எனக்குத் தெரிந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. பழையது என்பதால் மோசமில்லை. குழந்தைகளை எடுக்க அது தாராளம். பழையது என்று தெரிந்து, பழையதன் விலைக்கு வாங்க வேண்டும்.

இதையெல்லாம் மூன்று வருடத்துக்கு முன்பே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கல்யாண வேலைக்கு என்று அன்றைக்கும் நீ இப்படித்தான் லிங்க் அனுப்பினாய். அதிலும் 'புதியது' என்றுதான் போட்டிருந்தது. திறந்ததுமே தெரிந்துவிட்டது, பழைய மாடல், ஒரே ஒரு மெமரி கார்டுதான் போட முடியும் என்று. புதியதில் இரண்டு கார்டு. ஒன்று கெட்டாலும் மற்றதில் படம் இருக்கும். நானே அந்தப் புதியதைத்தான் வைத்திருந்தேன். அந்த வாரம்தான் சாந்தாமணி அக்கா தன் மகள் நித்யஸ்ரீயின் கல்யாணத்தை உன்னிடம் கொடுத்திருந்தார். அந்த வீட்டில் காதுகுத்து முதல் எல்லா விசேஷமும் நான் எடுத்தது. வயிறு எரிந்தது. "நல்ல மாடல், போடு" என்று அனுப்பினேன். தெரியாமல் சொன்னதல்ல, வின்ஸ்டன்.

முகூர்த்தப் படங்களோடு கார்டு கெட்டபோது நீ என்னிடம்தான் ஓடி வந்தாய். இரண்டு நாள் உட்கார்ந்து பதினோரு படங்களை மீட்டேன். பந்தியும் நாதஸ்வரக்காரரும்தான் கிடைத்தார்கள். "நீ சொல்லி நல்ல கேமராத்தான் வாங்குனேன். என்ற நேரம் சரியில்ல" என்றாய். நான் உனக்கு டீ வாங்கி வந்தேன். சாந்தாமணி அக்காவும் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். திட்டவில்லை. "ஏனுங்க தம்பி, நித்யஸ்ரீயோட அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தாரை வாத்துக் குடுத்தாருங்களே, அது ஒண்ணாச்சும் கெடைக்குமுங்களா?" என்று கேட்டார். இல்லைங்க அக்கா என்றேன். நீ தலை குனிந்து நின்றாய். நான் நிமிர்ந்து நின்றேன்.

"அந்தப் பையன் படத்தத் தொலைச்சுப்போட்டான்" என்று ஊரில் பேசினார்கள். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னை விட்டு வந்த கல்யாணங்களை எடுத்துக்கொண்டேன். நீ கேமராவை விற்றுவிட்டு மஸ்கட் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டுக்கு என் வண்டியில்தான் வந்தாய். வழியெல்லாம் எனக்கு நன்றி சொன்னாய்.

சாந்தாமணி அக்கா வீட்டுக்குப் புதன்கிழமை போய் வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து உள்ளே போன அக்கா நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

நேற்று ஜோவிதாவிடம் சொன்னேன். பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து, "இத அவருக்கு நீங்களே எழுதிப்போடுங்கண்ணா. உங்களப் பத்தி யாரு என்ன சொன்னாலும் அவரு நம்ப மாட்டாரு" என்றாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. இதில் எழுதியிருப்பதை நம்பு, அது போதும். வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன்னோடு தொழில் படித்தவன்,
கிருபாசங்கர்